பிரிட்டன் குளிசையும் எங்கள் தும்மலும்

மருந்துப் பெட்டியில் அதன் பெயர் பிரிட்டோன். எங்கள் தோட்டங்களில் எல்லாருக்கும் அது பிரிட்டன். "ஒரு பிரிட்டனைப் போட்டுட்டுப் படு, காலைல சரியாப் போயிரும்" என்று அம்மா சொல்லும்போது, அந்தக் குட்டிக் குளிசை பிரிட்டனிலிருந்து வருவதால்தான் அந்தப் பெயர் என்று எங்களில் இரண்டு பேர் ஏழாம் ஆண்டு வரை நம்பிக்கொண்டிருந்தோம். சிரிக்க வேண்டாம், பாதி சரிதான். குளோர்பெனிரமைன் என்ற மருந்தை அந்தப் பெயரில் விற்றது அலன் அன்ட் ஹன்பரிஸ் என்ற ஆங்கிலேயக் கம்பனி. பிறகு அந்தக் கம்பனி கிளாக்சோவின் கைக்குப் போனது.

இந்தக் கட்டுரை தொடங்கியது கெம்பஸ் ஹொஸ்டலில். தை மாதக் குளிர். ஹட்டன் பக்கம் மூன்று பேர், நுவரெலியாப் பக்கம் இரண்டு பேர், ஐந்து பேருமே மாறி மாறித் தும்மிக்கொண்டிருந்தோம். கொழும்பிலிருந்து வந்த தோழி ஒருத்தி, "யார்கிட்டயாவது பிரிட்டோன் இருக்கா?" என்று கேட்டாள். ஐந்து பேரின் பையிலும் இருந்தது. அவள் அடுத்துக் கேட்ட கேள்விதான் மாட்டிவிட்டது: "உங்களுக்கெல்லாம் எதுக்கு அலர்ஜி?"

ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. பூந்தாதா, தூசியா, கம்பளியா, புகையா? யாரும் எங்களிடம் கேட்டதில்லை, நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை. வீட்டில் அதற்குப் பெயர் தடிமன், அவ்வளவுதான். மருந்து மலையேறி வந்துவிட்டது, நோயின் பெயர் மட்டும் ஏன் கூட வரவில்லை? கலைப்பீட மாணவர்களுக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். மருந்தியல் தெரியாது. ஆனால் வரலாறு எங்கள் பாடம்.

பருவகால ஒவ்வாமையின் எழுத்து வரலாறு வழமையாக 1819இல் தொடங்கும். அந்த வருடம் இலண்டன் மருத்துவர் ஜோன் பொஸ்டொக், கோடையில் கண் அரித்து, மூக்கு ஒழுகி, தும்மல் விடாமல் வரும் ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவர் சங்கம் ஒன்றில் வாசித்தார். நோயாளி வேறு யாருமில்லை, அவரேதான். சிறு வயதிலிருந்து ஒவ்வொரு கோடையும் அந்தப் பாடு. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் விழுந்து அப்போது நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. 1828இல் இன்னொரு கட்டுரை எழுதினார். அதற்காகத் தேடிச் சேர்த்த நோயாளிகள் 28 பேர். அதில் அவர் குறித்துவைத்த ஒரு விடயம் எங்களை நிறுத்தியது: இந்த நோய் சமூகத்தின் மேல்தட்டிலும் நடுத்தட்டிலும்தான் காணப்படுகிறது, ஏழைகளிடம் ஐயமில்லாத ஒரு நோயாளியைக்கூடத் தான் காணவில்லை என்றார்.

மான்செஸ்டரின் சார்ள்ஸ் பிளாக்லி வைக்கோல் காய்ச்சல் என்று அப்போது சொல்லப்பட்ட இந்த நோய்க்குக் காரணம் புல்லின் பூந்தாதுதான் என்று தன் உடம்பிலேயே சோதித்துக் காட்டினார். அவருடைய நூல் வந்தது 1873இல். பூந்தாதுக்குள்ளேயே வாழும் விவசாயிகளுக்கு ஏன் இது வருவதில்லை, படித்தவர்களுக்கு ஏன் வருகிறது என்று அவரும் யோசித்தார். நாளும் பூந்தாதோடு இருப்பதால் அவர்களுக்குப் பழகியிருக்கலாம் என்ற விளக்கத்தையும் வைத்தார். இருக்கலாம். எங்களுக்கு இன்னொன்று தோன்றுகிறது: தும்மலுக்காக டொக்டரிடம் போய் உட்கார நேரமும் காசும் இருந்தவர்களைத்தானே டொக்டர் பார்த்திருப்பார்?

அதே 1873இல் இன்னொன்றும் நடந்தது. ஜேம்ஸ் டெய்லரின் லூல்கந்துர தோட்டத்திலிருந்து இலங்கைத் தேயிலையின் முதல் சரக்கு இலண்டன் போய்ச் சேர்ந்தது. வெறும் 23 இறாத்தல். அந்த 23 இறாத்தலைக் கிள்ளி, உருட்டி, காயவைத்துச் சலித்தவர்கள் தும்மினார்களா என்று எந்த நூலிலும் இல்லை.

தோட்டத்து மருத்துவத்துக்கான முதல் சட்டம் அதற்கு ஒரு வருடம் முன்னால், 1872இல் வந்தது. தேயிலைக்கும் முன்னால், கோப்பிக் காலத்துச் சட்டம். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மலைக்கு நடந்து வந்தவர்கள் கொலராவிலும் வயிற்றோட்டத்திலும் வழியெல்லாம் செத்து விழுந்தது பெரிய அவப்பெயராகிவிட்டிருந்தது. 1912இல் மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. லயத்தைச் சுத்தமாக வைத்திருப்பதும், நோயாளியைப் பற்றி மாவட்ட மருத்துவ அதிகாரிக்கு அறிவிப்பதும் துரையின் கடமை என்றானது. இந்தச் சட்டங்கள் பயந்த நோய்கள் கொலரா, கொக்கிப்புழு, பிரசவ மரணம். பயப்பட வேண்டியவைதான். தும்மல் அந்தக் கணக்கில் வராது. தும்மிக்கொண்டே கொழுந்து எடுக்கலாம் இல்லையா?

தோட்டத்தில் நோய் என்பது 'பேர்' சம்பந்தப்பட்ட விடயம். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறோம்: செக்ரோலில் ஒரு நாள் வேலைக்கு விழும் பதிவுக்குத்தான் 'பேர்' என்று பெயர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், வராவிட்டால் பேரே இல்லை. அப்பாயிமார் சொல்லும் டிஸ்பென்சரிக் கதைகளில் எல்லாம் இந்தப் பேர் வரும். காய்ச்சல் என்றால் டொக்டரையா துண்டு தருவார். மூக்கு ஒழுகினால் கையில் கொண்டுபோன போத்தலில் மிக்ஸ்சர் ஊற்றித் தருவார், பிறகு மலைக்குப் போக வேண்டியதுதான். அந்த டொக்டரையா பெரும்பாலும் டொக்டரும் இல்லை, தோட்ட மருத்துவ உதவியாளர். அவரைக் குறை சொல்வது சுலபம். ஒரு தோட்டம் முழுவதற்கும் ஒரே ஆளாக இருந்து அத்தனை நோயையும் பார்த்தவரும் அவர்தான்.

இதற்கிடையில் உலகத்தில் என்ன நடந்தது என்று வேகமாகப் பார்த்துவிடலாம். 1906இல் வியன்னாவின் கிளெமன்ஸ் ஃபொன் பிர்கே 'அலர்ஜி' என்ற சொல்லை உருவாக்கினார். 1910இல் ஹென்றி டேலும் பற்றிக் லெயிட்லோவும் ஹிஸ்டமின் என்ற பொருள் உடம்பில் என்ன செய்கிறது என்று விவரித்தார்கள். ஒவ்வாத ஒன்று உள்ளே வந்ததும் நம்முடைய சில செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். அது போய் ஒட்டும் இடமெல்லாம் அரிப்பு, வீக்கம், நீர்வடிதல். 1937இல் பாரிஸ் பஸ்தர் நிறுவனத்தில் டானியல் பொவேயும் ஆன்-மரி ஸ்டோப் என்ற இளம் ஆய்வாளரும் ஹிஸ்டமினை மறிக்கும் முதல் பொருளைக் கண்டார்கள். மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சு. 1957இல் நோபல் பரிசு பொவேக்கு. ஸ்டோப்பின் பெயர் அடிக்குறிப்பில். 1940களில் மனிதருக்கு ஏற்ற மருந்துகள் வரிசையாக வந்தன: அன்டர்கன், பெனட்ரில், பெனர்கன். 1950 அளவில் குளோர்பெனிரமைன், அதாவது எங்கள் பிரிட்டன்.

இந்த மருந்துகள் ஹிஸ்டமினை அழிப்பதில்லை. ஹிஸ்டமின் உட்காரும் கதிரையில் முன்கூட்டியே உட்கார்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான். மூக்கிலும் கண்ணிலும் மட்டும் உட்கார்ந்தால் பரவாயில்லை, மூளைக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். மூளையில் ஹிஸ்டமினின் வேலை நம்மை விழிப்பாக வைத்திருப்பது. அதனால்தான் பிரிட்டன் போட்டால் தூக்கம் சுழற்றுகிறது. "நல்லாத் தூங்கினான், காலைல சுகம்" என்று வீட்டில் சொல்வது பாதி மருந்தின் வேலை, பாதி அதன் பக்கவிளைவு.

விலை அதிகமான கம்பனி மருந்தாகவே இருந்திருந்தால் இது லயத்து அலுமாரி வரை வந்திருக்குமா? இந்த இடத்தில் பேராசிரியர் சேனக பிபிலேயைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மருந்தியல் பேராசிரியர், 1967இல் பேராதனை மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதி, இடதுசாரி. 1971இல் அவரும் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் மருந்து இறக்குமதி பற்றிய அறிக்கையைக் கொடுத்தார்கள். அதன் வழியாக அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது, தலைவர் பிபிலே. அவர் கேட்ட கேள்வி எளிமையானது: ஒரே மருந்தை ஏன் பத்துப் பெயரில் பத்து விலைக்கு வாங்க வேண்டும்? நாட்டுக்குள் வந்த ஏறத்தாழ 2,100 மருந்துகளின் பட்டியலை 600 அளவுக்குச் சுருக்கினார்கள். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரில் வாங்கினார்கள், எழுதினார்கள். உலகச் சந்தையில் விலை கேட்டு, குறைந்த விலைக்குத் தருபவரிடம் மொத்தமாக எடுத்தார்கள். பெரிய கம்பனிகள் விடவில்லை. 1974இல் கொலரா பரவியபோது, கூட்டுத்தாபனம் வேறு இடத்தில் வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு டெட்ராசைக்ளின் செய்து தர ஃபைசரின் இலங்கைத் தொழிற்சாலை இழுத்தடித்தது. மருந்தை விமானத்தில் இறக்க வேண்டி வந்தது.

பிபிலே எங்கள் எல்லாருக்கும் பிடித்த ஆள். ஆனால் மலையகத்திலிருந்து அந்த வருடங்களைப் படிக்கும்போது மனம் இரண்டாகிறது. 1973, 74 என்றால் எங்கள் வீடுகளில் நினைவுக்கு வருவது மலிவு மருந்து இல்லை, பஞ்சம். மாவும் அரிசியும் இல்லாமல் தோட்டங்களில் ஆட்கள் செத்த காலம் அது. உலகமே பின்னால் கற்றுக்கொண்ட மருந்துக் கொள்கையை எழுதிய அதே அரசாங்கத்தின் கீழ்தான் அதுவும் நடந்தது. காணிச் சீர்திருத்தம் 1972இலும் 1975இலும் வந்து தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1948இல் பறித்த குடியுரிமை பெரும்பாலானோருக்குத் திரும்பவில்லை. நாட்டின் இலவச சுகாதார சேவையிலிருந்து தோட்டம் தனியாகவே கிடந்தது. இந்த இரண்டு கதையையும் ஒன்றை வைத்து மற்றதை மறைக்காமல் சேர்த்துச் சொல்லும் வரலாற்றுப் பாடநூலை நாங்கள் இன்னும் படிக்கவில்லை.

1977இல் ஆட்சி மாறியது, கொள்கையும் தளர்ந்தது. அந்த வருடம் செப்டெம்பர் 29இல் கயானாவில் பிபிலே காலமானார். அடுத்த மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலைத் தயாரித்தது. ஒவ்வாமைக்கு அதில் இருந்தது குளோர்பெனிரமைன், பிரிட்டனேதான்.

மருந்து கைக்கு வந்த கதை இது. நோயின் பெயர் வந்த கதை வேறு, அதில் ஒரே ஒருவரைத்தான் எங்களால் பிடிக்க முடிந்தது. நெஞ்சு நோய் மருத்துவர் சி. ஜி. உரகொட. 1970இல் அவர் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் 'டீமேக்கரின் ஆஸ்துமா' என்ற தலைப்பில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். தேயிலையைச் சலிக்கும்போது பறக்கும் பஞ்சு மாதிரியான தூசி மூச்சில் போவதால் வரும் ஆஸ்துமாவைப் பற்றியது. கொழுந்தின் மொட்டில் இருக்கும் மெல்லிய மயிர்தான் காய்ந்து உதிர்ந்து அப்படிப் பறக்கிறது. நல்ல தேயிலை என்று தேடி வாங்குகிறார்களே, அந்த மொட்டின் மயிர். 1980இல் தேயிலைத் தொழிலாளரின் மூச்சு நோய்களைப் பற்றி மறுபடியும் எழுதினார்.

கவனியுங்கள், முதல் கட்டுரையின் தலைப்பில் இருப்பவர் டீமேக்கர், ஸ்டோரின் உத்தியோகத்தர். பொஸ்டொக் இலண்டனில் கண்டதுதான் ஹட்டனிலும் நடந்திருக்கிறது என்று எங்களுக்குப் படுகிறது. சலிக்கும் அறையில் முகத்தில் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு நின்ற பெண்களும் அதே தூசியைத்தான் குடித்தார்கள். எங்களில் ஒருத்தியின் அம்மா பதினேழு வருடம் ஸ்டோரில் வேலை செய்தவர். வேலை முடிந்து வந்ததும் முதலில் வெளியே நின்று சேலையை உதறுவார், பிறகுதான் வாசற்படி ஏறுவார். இருமலுக்கும் தும்மலுக்கும் அவருக்குக் கிடைத்தது பிரிட்டன். தும்மலுக்கு அது கேட்கும். ஆஸ்துமாவுக்கு அது மருந்தே இல்லை. தூசியோடு வேலை செய்யும் ஒருவரின் நெஞ்சு இறுக்கம் தடிமன் என்ற பெயரில் பதினேழு வருடம் போகலாம், போயிருக்கிறது.

உரகொடவின் இன்னொரு ஆய்வு இதைவிட விசித்திரமானது. காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சூரை மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மருந்து ஒவ்வாமையோ என்று பார்த்தால், விடயம் மீனில் இருந்தது. சரியாகக் குளிரில் வைக்காத சூரையில் பற்றீரியாக்கள் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும், சமைத்தாலும் போகாது. சாதாரண ஆளின் உடம்பு அதில் கொஞ்சத்தைச் சிதைத்துவிடும். ஐசோனியாசிட் அந்தச் சிதைக்கும் நொதியை மறித்துவிடுகிறது. உரகொடவும் மருந்தியல் பேராசிரியர் எஸ். ஆர். கொட்டேகொடவும் 1977இல் இதை எழுதினார்கள். கரையிலிருந்து மீன் லொறி மஸ்கெலியாவுக்கு ஏறி வர எத்தனை மணி நேரம் என்று தெரிந்தவர்களுக்கு இது வெறும் ஆய்வுக்கூடச் சங்கதி இல்லை.

இனி குளவி. மலையகச் செய்திகளைப் பார்ப்பவர்களுக்கு 'குளவிக்கொட்டுக்கு இலக்கான தொழிலாளர்கள் வைத்தியசாலையில்' என்ற வரி மனப்பாடம். எண்ணிக்கையும் தோட்டத்தின் பெயரும் மாறும், வரி மாறாது. சிங்களத்தில் தெபரா வேறு, பம்பரா வேறு. முன்னது குளவி, பின்னது மரத்திலும் பாறையிலும் பெரிய அடை கட்டும் மலைத்தேனீ. எங்கள் செய்திகளில் இரண்டுமே குளவிதான். கொடுக்கைத் தோலில் விட்டுப் போவது தேனீ. உடனே சுரண்டி எடுக்க வேண்டும்.

அந்த நேரத்திலும் ஓடிவரும் முதல் கை பிரிட்டனைத்தான் நீட்டும். ஒரு கொட்டு, கொஞ்சம் வீக்கம், அரிப்பு என்றால் சரி. ஆனால் மூச்சு இழுக்கிறது, நாக்கு தடிக்கிறது, தலை சுற்றி விழுகிறார் என்றால் அது வேறு. இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும்போது ஹிஸ்டமினின் கதிரையை மறித்து ஒன்றும் ஆகாது. அங்கே உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி, தொடையில், நிமிடங்களுக்குள். குளிசை வயிற்றில் கரைந்து வேலை தொடங்கவே அரை மணித்தியாலம் போகும். நிறையக் கொட்டு வாங்கியவரை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மேல் மலையிலிருந்து லொறி வரும் ரோட்டுக்கு ஆளைத் தூக்கிவர எவ்வளவு நேரம் என்பதை நாங்கள் இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் தோட்டத்தில் ஒருநாள் நடந்து பாருங்கள். அந்த ஊசி உங்கள் டிஸ்பென்சரியில் இருக்கிறதா, அதைப் போடத் தெரிந்தவர் பகலில் அங்கே இருக்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

தூக்கத்துக்கு வருவோம். காலையில் ஒரு பிரிட்டனைப் போட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போய், பனியில் வழுக்கும் சரிவில் பாரத்தோடு இறங்குவது எப்படி என்று எங்கள் அம்மாமார்களிடம் கேட்டோம். "தூக்கமா வரும், ஆனா தும்மிக்கிட்டே கொழுந்து எடுக்க ஏலாதே" என்றார் ஒருவர். இன்னொருவர் பாதியாக உடைத்துப் போடுவாராம். இதற்கு மாற்று 1980களிலிருந்தே உலகில் இருக்கிறது. லோரடடின், செட்டிரிசின் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை, ஒரு நாளைக்கு ஒன்று போதும். செட்டிரிசின் சிலருக்குக் கொஞ்சம் அசத்தும், லோரடடின் அதைவிடக் குறைவு. 2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் குளோர்பெனிரமைனின் இடத்துக்கு லோரடடின் வந்தது. எங்கள் வீட்டு அலுமாரிகளில் பட்டியல் இன்னும் 1977இலேயே நிற்கிறது. பிரிட்டனை இரவில் போடுங்கள், பஸ் ஓட்டுபவரும் மெஷினில் நிற்பவரும் பகலில் போட வேண்டாம், குழந்தைக்கு உடைத்துக் கொடுக்க வேண்டாம் என்று எந்தப் பெரியவரிடமும் சொல்லலாம். கேட்பார்களா என்பது வேறு விடயம்.

ஒவ்வாமைக்குக் காரணம் என்ன என்ற பழைய கேள்விக்கு நாங்கள் ஐந்து பேரும் இப்போது ஆளுக்கொரு கொப்பி வைத்திருக்கிறோம். எந்த மாதம், எந்த இடம், என்ன செய்யும்போது. ஒருவனுக்குத் தும்மல் வருவது பழைய கம்பளியை உதறும்போது. ஒருத்திக்கு லயத்து அடுப்புப் புகையில் மட்டும், கெம்பஸில் அந்தத் தும்மல் இல்லை. ஒருவனுக்கு மானாப்புல் பூக்கும்போது. பொஸ்டொக்கின் 28இல் சேர்த்துக்கொள்ளத் தக்க அசல் பருவகால நோயாளி அவன்தான் என்று கேலி செய்துகொண்டிருக்கிறோம்.

ஸ்டோர் அம்மாவை அவர் மகள் கடந்த விடுமுறையில் நெஞ்சு நோய் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த இளம் டொக்டர் குழாயை நெஞ்சில் வைக்கும் முன்னால் கேட்ட முதல் கேள்வி, "அம்மா எங்க வேலை?" சலிக்கிற ரூமில் என்றார் அம்மா. எத்தனை வருடம், முகத்தை எதால் மூடுவீர்கள், லீவு நாளில் இருமல் குறையுமா என்று வரிசையாகக் கேட்டு எல்லாவற்றையும் அட்டையில் எழுதினார். இன்ஹேலர் ஒன்றைக் கொடுத்து எப்படி இழுப்பது என்று இரண்டு தரம் காட்டினார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா கேட்டாராம்: "அப்ப பிரிட்டன் வேணாமா?" தும்மலுக்குப் போடலாம் அம்மா, நெஞ்சுக்கு இல்லை என்றாள் மகள். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டையும் ஒரே பையில் போட்டுச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.